மாமனாருக்கு நான் அடித்த மணி

மணி என்று எதைக் கண்டாலும் நான் ஒதுங்கித்தான் நடப்பேன். கோயில் மணி, பள்ளிக்கூட மணி, சைக்கிள் மணி, எதிலும் கை வைக்க மாட்டேன். எஹலியகொட பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்தால்கூட, பக்கத்தில் இருக்கிறவரிடம்தான் மணிக்கயிற்றை இழுக்கச் சொல்லுவேன். "ஏன் ஐயா, கை எட்டலையா?" என்பார்கள். எட்டும். நன்றாக எட்டும். ஒரு காலத்தில் எட்டியதுதான் தொந்தரவே.

அது வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்த காலம். தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். (தோட்டத்தின் பெயர் வேண்டாம். என்னைத் தெரிந்தவர்களின் பேரன்மார் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.) பால் வெட்டுகிற வேலையைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் அவமானம் எத்தனை பெரிது என்று உங்களுக்கு விளங்காது.

விடிகிற நேரம் மரத்தின் பட்டையைச் சீவிவிட்டு, கீழே சிரட்டையை மாட்டுவோம். பால் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதை அவசரப்படுத்த முடியாது. வெயில் நன்றாக ஏறுகிற வரைக்கும் இறங்கவிட வேண்டும். பிறகு பாலை உறையவைக்கிற ஸ்டோரில் மணி அடிப்பார்கள். அதுதான் பால் மணி. அதைக் கேட்ட பிறகுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பாலைச் சேர்ப்போம். தூரத்து மலைகளுக்கு மணி கேட்காது. அங்கே கேட்கிறதற்குக் கொம்பு ஊதுவார்கள். மணிக்கு முந்தி எடுத்தால் பாதிப் பால்கூடத் தேறாது. மிச்சம் பட்டையிலேயே காய்ந்து ஒட்டுப்பாலாகிவிடும். அதனால் அந்த மணிக்கயிற்றைத் தொட ஸ்டோர் காவல்காரர் பண்டாவைத் தவிர வேறு யாருக்கும் உரிமை கிடையாது.

இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு மறந்துவிட்டேன்.

அந்தத் தோட்டத்தில் லுத்தரன் சபைக்காரர் வீடு ஒன்றே ஒன்றுதான். என் மாமனார் ஞானமுத்து வீடு. தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வரிசை வீடுகளான லயத்தில் இருந்த மற்றச் சனமெல்லாம் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். நானும் அப்படித்தான். பிறந்தபோது மாரிமுத்து. மாமனாரின் மகள் ரூத்தைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்துத் தாவீது ஆனேன். எனக்கு எழுத்து தெரியாது. மாமியார் அடுப்படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஞானோபதேசக் கேள்வி பதிலையெல்லாம் காதால் கேட்டே பாடம் பண்ணினேன். பரீட்சை வைத்த உபதேசியாரே முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆனாலும் ரூத்தின் அண்ணன் ஏசடியானுக்கு மட்டும் என்னைக் கண்டால் ஒரு இளக்காரம்.

"மச்சான் தலையில தண்ணி பட்டிருக்கு. உள்ள இன்னும் இறங்கல" என்பார். அதுவும் நாலு பேர் பீலித் தண்ணீரில் குளிக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லுவார்.

எங்கள் சனத்தில் சாவைப் பற்றிப் பேச்செடுத்தால் வாயிலேயே போடுவார்கள். மாமனார் வீட்டில் சோறு தின்கிற நேரத்திலேயே பேசுவார்கள். அதுவும் கலியாணத்துக்குப் பந்தல் போடுகிற மாதிரிப் பேசுவார்கள். மாமனார் நெஞ்சுச் சளியில் படுத்த வருஷம் இந்த ஏற்பாடு மும்முரமாக நடந்தது. இனிமேல் எழுந்திருப்பது கஷ்டம் என்று டிஸ்பென்சரி ஐயா சொல்லிவிட்டுப் போனார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். மாமனாரோ பெட்டி செய்கிற தச்சுப் பாஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

சிங்களப் பாஸ் வந்தார். உயிரோடு இருக்கிற ஆளைச் சவப்பெட்டிக்கு அளக்கச் சொன்னதும் வாசலிலேயே நின்றுவிட்டார். மாமனார் பாயில் நீட்டிப் படுத்துக்கொண்டு, "பாஸ், தோள் பக்கம் கொஞ்சம் அகலம் விடுங்க. இடிக்கக் கூடாது" என்றார். பலாப் பலகையில் பெட்டி வந்தது. ரூத் அதற்குக் கறுப்புத் துணி போர்த்தி, மேலே வெள்ளைத் துணியில் சிலுவை தைத்தாள். அதுவரை பெட்டியை எங்கே வைப்பது? லயத்து அறையில் எட்டடிக்கு மேல் இடம் ஏது? பரணில் ஏற்றினோம். ஏற்றிய மறுநாளே மாமியார் அதற்குள் புளியையும் கருவாட்டையும் வைத்துவிட்டார்.

"ஏன் புள்ள, கடைசி நாள்ல நான் கருவாட்டு வாசத்தோடயா எழும்பி ஆண்டவரு முன்னால போயி நிக்கிறது?" என்று மாமனார் கேட்டார்.

"அதுக்குள்ள வாசம் போயிரும். சும்மா படுங்க" என்றார் மாமியார்.

தலையை மேற்கே வைத்துக் குழி வெட்ட வேண்டும், எழும்புகிற நாளில் கிழக்கே பார்த்து எழும்ப வேண்டும். தப்பு கூடாது. வாய்க்கரிசி கூடாது. குடம் உடைக்கக் கூடாது. உபதேசியார் வந்து ஜெபம் பண்ணி மூன்று பிடி மண் போடுவார். ஏசடியான் சிலுவை தூக்குவார். பாட்டை ரூத் எடுத்துக் கொடுப்பாள். இப்படி எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தது. எனக்கு மட்டும் இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. "எங்க சனத்துல மருமகன் கோடித் துணி போடணும். அது பெரிய உரிமை. இங்க மருமகனுக்கு ஒன்னுமே கெடையாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"இருக்கே. ஒரு ஓரமா நின்னு அழலாம்" என்றார் ஏசடியான்.

பாயில் கிடந்த மாமனார்தான் கையை உயர்த்தினார். "மணிய மாப்ள அடிக்கட்டும்."

அந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனாரின் ஊரில் ஒருத்தர் கண்ணை மூடினால் சபைக் கோயில் மணியை வயசுக்கு ஒரு அடியாக மெதுவாக அடிப்பார்களாம். வயலில் நிற்கிறவன் எண்ணிப் பார்த்து, போனது யார் என்று கண்டுபிடித்துவிடுவானாம். மாமனாரின் அம்மா கண்டிக்கு வந்து (அந்தக் காலத்தில் சிலோன் முழுவதும் எங்களுக்குக் கண்டிதான்) இந்தத் தோட்டத்திலேயே அடைமழையில் செத்துப்போனார். கோயிலும் இல்லை, மணியும் இல்லை. நாலு பேர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தூக்கிப் போய்ப் புதைத்தார்கள். "ஒரு சத்தம் இல்லாம போச்சு எங்கம்மா" என்று மாமனார் எப்போதாவது சொல்லுவார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

அவர் தனக்காகக் கேட்டது அந்த ஒன்றுதான். ஏசடியான் கங்காணியைப் பிடித்து, கங்காணி கணக்கப்பிள்ளையைப் பிடித்து, கடைசியில் துரையிடம் பேச்சுப் போனது. துரையும் கிறிஸ்தவர்தானே, யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஸ்டோர் மணியை அடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு தடவை.

ஏசடியான் என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "முதல்ல வீட்டுல பாட்டு. பாட்டு முடியிறதுக்குள்ள மணி கேக்கணும். வயசுக்கு ஒரு அடி. அவசரப்படக் கூடாது. பால் மணி மாதிரி கடகடன்னு அடிச்சீங்க, தொலைஞ்சோம்."

"மாமாவுக்கு என்ன வயசு?"

அவருக்கும் தெரியவில்லை. மாமியாருக்கும் தெரியவில்லை. மாமனாரே விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "அறுவத்தி ரெண்டுன்னு வச்சுக்குங்க" என்றார்.

அன்றிலிருந்து மலையில் மரத்துக்கு மரம் நடக்கும்போதெல்லாம் அறுபத்திரண்டு வரைக்கும் எண்ணிப் பழகினேன். முதலில் பாட்டு, பிறகு மணி. ஞானோபதேசம் மாதிரி மனப்பாடம்.

அந்தக் காலை வந்தது. லயத்துக்கு மேலே இருக்கிற மலையில் வெட்டி முடித்துவிட்டுச் சிரட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பால் இறங்கத் தொடங்கியிருந்தது. கீழே மாமனார் வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் எழும்பியது. சாவு வீட்டில் பாடுகிற அந்த ஞானப்பாட்டு. ரூத்தின் குரல். ஏசடியானின் குரல்.

எங்கள் சனத்தில் உயிர் போன பிறகுதான் ஒப்பாரி. உயிரோடு இருக்கிற ஆளின் தலைமாட்டில் உட்கார்ந்து யாராவது ஒப்பாரி வைப்பார்களா? கத்தியைப் போட்டேன். வாளியைப் போட்டேன். சரிவில் ஓடினேன்.

வீட்டு வழியாகத்தான் ஓடினேன். கதவு பத்தடி தூரத்தில்தான். எட்டிப் பார்க்கவில்லை. (இதைத்தான் என் பெண்சாதி சாகிற வரைக்கும் கேட்டாள். "எட்டிப் பாத்தா கழுத்தா சுளுக்கிக்கும்?") பார்த்தால் அழுகை வரும், அழுதால் பாட்டு முடிந்துபோகும், பாட்டு முடிந்தால் ஏசடியான் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகும். அதுதான் என் நினைப்பு.

ஸ்டோர் வாசலில் பண்டா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா போயிட்டாரு!" என்றேன்.

"அனே!" என்று சிங்களத்தில் ஐயோ போட்டபடி அவர் எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். துரை உத்தரவு அவருக்கும் தெரியும். கயிற்றை என் கையில் கொடுத்தார்.

மெதுவாகத்தான் தொடங்கினேன். சத்தியமாக. ஆனால் ஓடி வந்த மூச்சு, நெஞ்சில் அழுகை, கையில் அத்தனை பெரிய மணி. எட்டோ ஒன்பதோ அடிக்குள் கை தன் பாட்டில் வேகம் பிடித்துவிட்டது. இருபதைத் தாண்டும்போது மேட்டு மலையில் கொம்பு ஊதினார்கள். அதைக் கேட்டு அடுத்த மலையில் ஊதினார்கள். அதற்கும் அந்தப் பக்கம், ஆற்றுக்கு மேலே, இன்னொரு கொம்பு.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மாமனாருக்கு இத்தனை மரியாதையா! மலைக்கு மலை கொம்பு ஊதுகிறார்களே! ஒரு லுத்தரன் சபைக்காரருக்காக மாரியம்மன் கோயில் சனம் இப்படிச் செய்கிறதே! கண்ணீர் விட்டுக்கொண்டே அடித்தேன். அழுகையில் எண்ணிக்கை தப்பிப்போனது. முப்பத்தி எட்டா, நாற்பத்தி எட்டா? குறைத்து அடித்தால் மாமனாருக்குக் கௌரவக் குறைச்சல் என்று ஒன்றிலிருந்து திரும்பவும் தொடங்கினேன்.

"மல்லி, ஹெமின், ஹெமின்" என்று பண்டா என் தோளைத் தொட்டார். தம்பி, மெதுவா, மெதுவா என்றார். கையை மெதுவாக்க முடியவில்லை.

இரண்டாவது சுற்றில் நடுவிலே இருக்கும்போதுதான் ரூத் தலை விரிந்தபடி ஓடிவருவதைப் பார்த்தேன்.

"யாருக்கு மணி அடிக்கிறீங்க?"

"அப்பாவுக்குத்தான் புள்ள. அழாத. அழாத."

"அப்பா கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்காரு!"

கயிறு என் கையில் இருந்தது. மணி தானாக இரண்டு தடவை ஆடி அடித்துவிட்டு நின்றது.

நடந்தது இதுதான். மாமனார் அன்றைக்குக் கொஞ்சம் தெம்பாக எழுந்து உட்கார்ந்திருக்கிறார். ஏசடியான் எப்போதும் அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் ராகம் தப்புவார். "நான் போன பொறகு தப்பாப் பாடினா திருத்துறதுக்கு ஆள் இருக்காது. இப்பவே பாடு பாப்போம்" என்று தன் சாவுப் பாட்டைத் தானே ஒத்திகை பார்த்திருக்கிறார்.

அதற்குள் சனம் மலையிலிருந்து இறங்கத் தொடங்கிவிட்டது. வரிசை வரிசையாக, தலையில் வாளியோடு. வாளியில் அடிப்பக்கம் மட்டும் பால். "என்னடா இன்னைக்கு இவ்வளவு வெள்ளன?" "சூரியனைப் பாத்தியா, மணியப் பாத்தியா?" என்று ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொண்டு வந்தார்கள். தோட்டம் முழுவதும் அன்றைக்குப் பால் போச்சு.

துரையின் குதிரை வந்தது. "எந்த மடையன் மணி அடிச்சான்?" என்றார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். தெரிந்ததையெல்லாம் அன்றைக்குப் பாவித்தார். கணக்கப்பிள்ளை முந்திக்கொண்டு, "ஞானமுத்து செத்துப்போச்சுங்க துரை" என்றார்.  

துரையின் முகம் இறங்கியது. குதிரையை விட்டிறங்கி லயத்தைப் பார்த்து நடந்தார். பின்னால் கணக்கப்பிள்ளை, அவர் பின்னால் தோட்டத்துச் சனம். நடுவிலே நான். இப்போதாவது சொல்லியிருக்கலாம். வழியில் எத்தனையோ இடம் இருந்தது. சொல்ல வாய் வரவேயில்லை. அவ்வளவு தூரம் நடந்ததில் ஒரே ஒரு நினைப்புத்தான் எனக்கு. ஆண்டவரே, மாமாவை இப்போதே எடுத்துக்கொள்ளும். (அப்படி ஒரு ஜெபம் பண்ணினேன். அதை இன்றைக்கும் நினைத்தால் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வேன்.)

துரை வாசலில் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து, குனிந்து உள்ளே போனார்.

மாமனார் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சலாம் துரை" என்றார்.

பிறகு நடந்ததில் பாதி எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்கிறதில் பாதியை வெளியே சொல்ல முடியாது. மணியைப் பற்றி அவர் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. அது இனிப் பாலுக்கு மட்டும்தான். செத்தவருக்கும் கிடையாது, சாகாதவருக்கும் கிடையாது. கேட்டது ஒரு தடவை, அடித்தாகிவிட்டது.

தோட்டத்துச் சனத்துக்கு அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் விழுந்தது. பீலியடியில் யாரும் எனக்கு இடம் விடவில்லை. கடைசி ஆளாக, தண்ணீர் நூல் மாதிரி வருகிறபோதுதான் குளித்தேன். ஏசடியான் என்னைக் கண்டதும் துண்டை உதறிக்கொண்டு வேறு பக்கம் நடந்தார். அந்த ஆள் கேலி பண்ணாமல் போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாமனார் மட்டும் என்னைக் கூப்பிட்டார். போய்த் தலைகுனிந்து நின்றேன்.

"என்ன மாப்ள. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். எண்பத கடந்துருச்சு. என்னைய வேதத்துல தொள்ளாயிரம் வருசம் வாழ்ந்த மெத்தூசலாவாக்கிப்புட்டீங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கிய பிறகு, கூரையைப் பார்த்தபடி, "நல்ல மணி. ஊர் மணி மாதிரியே இருந்துச்சு" என்றார். அந்தச் சொல் என்னை அறுத்த மாதிரி துரையின் ஏச்சு அறுக்கவில்லை. அவருக்கு இருந்தது ஒரு மணி. அதையும் நான் வீணாக்கிவிட்டேன்.

மாமனார் அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுவதும் இருந்தார். கருவாடு தீர்ந்து பெட்டியில் வரமிளகாய் ஏறியது. பிறகு ஒரு நாள் பின்னேரம், மாமியார் மடியில் தலை வைத்தபடியே போய்விட்டார். எல்லாரும் அழுதார்கள். நான் மட்டும் "பொறுங்க, பொறுங்க" என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தேன், நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன், திரும்பவும் மூக்கில் கை வைத்தேன். ஏசடியான்தான் என் கையைப் பிடித்து எடுத்துவிட்டார். "போயிட்டாரு மச்சான். இந்தத் தடவ நெசமாவே போயிட்டாரு."

மறுநாள் காலை அடக்கம். உபதேசியார் எஹலியகொடயிலிருந்து விடியவே வந்துவிட்டார். பெட்டியை மூடியாகிவிட்டது. ஏசடியான் சிலுவையோடு வாசலில் நின்றார். மணி இல்லை. அம்மா போன மாதிரியே மகனும் சத்தமில்லாமல் போகப் போகிறார். நான் லயத்துக் கோடியில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து நின்றேன்.

"தூக்கலாமா?" என்றார் உபதேசியார்.

"கொஞ்சம் பொறுங்கய்யா" என்றார் மாமியார்.

மாமியார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே கறுத்திருந்தது. இரண்டு துளி விழுந்தது. மழை பிடித்தால் மரம் நனையும், சிரட்டையில் தண்ணீர் விழும், வேலையை நிறுத்திவிடுவார்கள். அடக்கத்துக்கு மழை நல்லதில்லைதான். ஆனால் அதற்கா இப்படிப் பார்க்கிறார்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அம்மா, வெயில் ஏறிட்டுதே" என்றார் உபதேசியார்.

"இன்னும் கொஞ்சம்."

ஏசடியான் கடுகடுத்தார். "எதுக்கும்மா பொறுக்கச் சொல்ற? யாரு வரணும் இன்னும்?"

மாமியார் மேற்கு வானத்தையே பார்த்தார். விடிகாலையில் அவர் வெற்றிலை வாங்கப் போவதாகச் சொல்லி ஸ்டோர்ப் பக்கம் போய்விட்டு, வெற்றிலை இல்லாமல் திரும்பி வந்தது அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது.

கறுப்பு விலகியது. வெயில் நன்றாக விழுந்தது.

கீழே ஸ்டோரில் பால் மணி அடித்தது.

வழக்கமாகப் பண்டா கடகடவென்று அடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு ஒரு அடி. அது மலையில் மோதித் தேய்ந்து முடிகிற வரைக்கும் பொறுத்து, அடுத்த அடி. பிறகு அடுத்தது.

"இப்பத் தூக்குங்க" என்றார் மாமியார்.

தூக்கினோம். என்னையும் பெட்டியின் ஒரு மூலையைப் பிடிக்கக் கூப்பிட்டது ஏசடியான்தான். மலைக்கு மலை கொம்பு ஊதினார்கள், பாலுக்குத்தான். இந்தத் தடவை நான் தப்பாக நினைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அழுதேன். துரை அப்போது ஸ்டோரிலேயே நின்றாராம். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாராம். நேரம் சரியாக இருந்தது. மூடித் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாராம். பண்டா பிறகு சொன்னார்.

இந்தக் கதையை ரூத் பிள்ளைகளிடம் சொன்னாள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகளிடம் சொன்னார்கள். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாராவது சுகமில்லாமல் படுத்து, சுற்றி உட்கார்ந்து ஞானப்பாட்டுப் பாடத் தொடங்கினால், முதலில் படுத்திருக்கிறவர் அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி, "நான் இருக்கேன்!" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பாட்டு. சின்னப் பிள்ளைகளெல்லாம் இதையும் லுத்தரன் முறைமை என்றே நம்பி வளர்ந்திருக்கிறார்கள்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். புதுப் போதகர் பார்க்க வந்தார். பாட்டுப் புத்தகத்தை விரித்தார். யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதகர் திகைத்துப்போய், "ஏன், எல்லாரும் யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

மகள் துண்டால் வாயை மூடிக்கொண்டாள். மருமகன் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன்.

"இருக்கேன்."

"கேக்கல தாத்தா, சத்தமா!" என்றது வாசலில் நின்ற ஒரு பொடிசு.